காசநோயும் கண் பார்வையும்

நெசவாளரும் பயிரிடுவோருமாகிய நம் அங்கத்தினர் அனைவரும் கண்ணையும் கையையும் மூலதனமாகக் கொண்டு வாழ்பவர்கள். ஒவ்வொருவருடைய பங்குத் தொகையும் சங்கத்தின் பேரேட்டில் இருக்கிறது. இந்த மூலதனமோ எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. ஆகையால் இதில் நஷ்டம் நேரும்போது கண்டுகொள்ளத் தாமதிக்கிறோம். அவ்வாறு நாமே தாமதித்த ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், சேலை ஒப்படைக்கும் நாளொன்றில், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அங்கத்தினர் ஒருவர் இரண்டு சேலைகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். இருபது ஆண்டுகளில் குறை என்று ஒரு சேலையையும் திரும்பப் பெறாதவர் அவர். அன்று ஒரு சேலையின் முந்தானையில், அரக்கு ஊடை ஓட வேண்டிய இடத்தில் நான்கு விரற்கடை அளவுக்குக் கரும்பச்சை ஓடியிருந்தது. தரம் பார்ப்பவர் அதை எடுத்துக் காட்டினார். நெய்தவர் சேலையை வாசலுக்கு எடுத்துச் சென்று வெயிலில் பிரித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது" என்றார். அங்கிருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். கூலியில் பிடித்தம் எழுதப்பட்டது. காரணம் என்னும் கட்டத்தில் "கவனக் குறைவு" என்று எழுதியவர்கள் நாமேதாம்.

அவர் அப்போது காசநோய்க்காக நான்காவது மாதமாக மாத்திரை உட்கொண்டு வந்தார். அது நமக்கும் தெரியும். அவர் இருமியபோது மருத்துவமனைக்குப் போகும்படி சொன்னவர்களும் சங்கத்தார்தாம். ஆயினும், மாத்திரையையும் முந்தானையையும் சேர்த்து நினைக்க எவருக்கும் தோன்றவில்லை. அவரும் கண்ணாடிக் கடைக்குப் போனார். வயது நாற்பதைக் கடந்துவிட்டதால் வெள்ளெழுத்து என்று சொல்லி ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். அதை அணிந்தும் மங்கல் தீரவில்லை. இப்படியே ஐந்து வாரங்கள் சென்றன. மாத்திரை ஒழுங்காக உட்கொள்ளப்படுகிறதா என்று பார்க்க வீட்டுக்கு வந்த காசநோய்த் திட்டத்துப் பெண் பணியாளரிடம் அவருடைய மனைவி, "சிஸ்டர், இவர் தார் எடுக்கும்போது நிறம் மாற்றி மாற்றி எடுக்கிறார்" என்று பேச்சுவாக்கில் சொன்னார். அந்தப் பணியாளர் எழுதிக்கொண்டிருந்ததை மூடி வைத்துவிட்டு, அன்றைக்கே அவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே என்ன சொன்னார்கள் என்பதைப் பின்னால் கூறுவோம். அந்தப் பிடித்தம்தான் நம்மை இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியது.

நெஞ்சோடு நிற்கும் நோய் அன்று

எலும்புருக்கி என்றும் க்ஷயம் என்றும் நம் பெரியோர் வழங்கிவந்த இந்நோய்க்குக் காரணம் ஒருவகை நுண்கிருமி என்பதை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி பெர்லின் நகரில் எடுத்துக் காட்டினார். நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் கிருமி அடுத்தவர் நுரையீரலை அடைகிறது. இழை அறாமல் இருக்க ஈரம் வேண்டுமென்று சன்னலை அடைத்துக்கொண்டு நெய்யும் தறி வீடுகளில் இது எவ்வளவு எளிது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஒரு கோடியே எட்டு லட்சம் பேர் இந்நோய்க்கு ஆளானார்கள். அவர்களுள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தியர்.

நுரையீரலை அடைந்த கிருமி அங்கேயே தங்கிவிடுவது பெரும்பான்மை. சிற்சில சமயம் அது இரத்தத்தில் ஏறிப் பயணப்படுகிறது. கழுத்துக் கழலை, முதுகெலும்பு, மூளையைச் சுற்றியுள்ள உறை என்று பல இடங்களில் அது குடியேறுவதைக் கிராமங்களில் பலரும் கண்டிருப்பார்கள். கண்ணிலும் குடியேறும் என்பதைக் கேள்விப்பட்டவர் குறைவு.

கண் ஒரு பந்து போன்றது. அதற்கு வெளியே வெள்ளைத் தோல் ஒன்று, உள்ளே ஒளியை வாங்கும் விழித்திரை ஒன்று. இவ்விரண்டுக்கும் இடையே இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கும் ஒரு நடுப்படலம் இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால், உடம்பிலேயே மிக அதிகமான இரத்தம் பாயும் இடங்களுள் அந்தப் படலம் ஒன்று. வாய்க்கால் நிறையப் பாயும் வயலில் களை விதையும் நிறைய வந்து சேர்வதுபோல, இரத்தத்தில் மிதந்து வரும் கிருமிக்கு அது வசதியான இடமாகிறது.

இது எத்தனை பேருக்கு நேருகிறது? அமெரிக்காவில் பாஸ்டன் நகரச் சானடோரியம் ஒன்றில் 1940 முதல் 1966 வரை பத்தாயிரத்துக்கு மேற்பட்ட காசநோயாளிகளின் கண்களைச் சோதித்து எழுதிய குறிப்பொன்று உண்டு. நூற்றுக்கு ஒன்றரைப் பேர் அளவுக்கு நோயின் தாக்குதல் கண்ணில் இருந்ததாக அது கூறுகிறது. சென்னைக் கண் மருத்துவர்கள் 1005 காசநோயாளிகளைச் சோதித்து 1990-களின் நடுவில் வெளியிட்ட கணக்கும் நூற்றுக்கு 1.39 என்று ஏறக்குறைய அதே அளவைக் காட்டியது. சிறு எண்ணிக்கைதானே என்று தோன்றலாம். நம் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருப்பதால், நூற்றுக்கு ஒருவர் என்பது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆகும்.

கண்ணில் அது கொள்ளும் பல உருவங்கள்

காசநோய் கண்ணில் ஒரே உருவத்தில் வருவதில்லை. இமை முதல் பார்வை நரம்பு வரை எந்தப் பாகத்திலும் வரக்கூடும். அதனால்தான் மருத்துவர்களே பல சமயம் ஏமாந்துபோகிறார்கள். அடிக்கடி காணப்படுபவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையமும் அதை அடுத்த பாகங்களும் அழற்சி கொள்வது ஒன்று. கண் சிவக்கும், வலிக்கும், வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். நம்மவர் இதை "மெட்ராஸ் ஐ" என்று எண்ணிச் சும்மா இருந்துவிடுகிறார்கள். வித்தியாசம் உண்டு. மெட்ராஸ் ஐயில் பீளை தள்ளும், இமை ஒட்டும், ஒன்றிரண்டு வாரத்தில் தானாகத் தணியும். இந்த அழற்சியிலோ பீளை இராது. சிவப்பு கருவிழியின் ஓரத்தை ஒட்டி வளையமாக இருக்கும். ஒருமுறை தணிந்தாலும் சில மாதங்களில் திரும்பவும் வரும். கவனியாது விட்டால் நிற வளையம் அதன் பின்னுள்ள வில்லையோடு ஒட்டிக்கொண்டு, வட்டமாயிருந்த கண்மணி கோணலாகிவிடும். அழற்சி நீடித்தால் கண்புரையும், கண்ணுக்குள் நீர் அழுத்தமும் தொடரலாம்.

இரண்டாவது வகை நடுப்படலத்தின் பின்பாகத்தில் வருவது. வலியும் சிவப்பும் இராததால் இது மேலும் அபாயகரமானது. ஒரு கண்ணில் ஓரிடம் மட்டும் புகை படிந்ததுபோல் மறைக்கும். நேர்கோடு வளைந்து தெரியும். இரு கண்ணாலும் பார்த்துப் பழகியவருக்கு ஒரு கண் குறைந்தது தெரியவே தெரியாது. மற்றக் கண் ஈடுசெய்துவிடும்.

இவ்விடத்தில் சிறிது வரலாறு சொல்லலாம். கண்ணின் உட்புறத்தை உயிரோடிருக்கும் மனிதரிடம் காணும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் அறிஞர் 1851-இல் வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில், 1855-இல், வியன்னாவைச் சேர்ந்த எட்வர்ட் யேகர் அக்கருவியின் வழியாகக் கண்ணின் அடியில் காசநோயின் சிறு முடிச்சுகளைக் கண்டு எழுதினார். கோக் கிருமியைக் காட்டுவதற்கு இருபத்தேழு ஆண்டுகள் முன்பே இது நடந்துவிட்டது. உடம்பைத் திறவாமலே உள்ளிருக்கும் நோயை நேரே பார்க்கக் கூடிய ஒரே ஜன்னல் கண்தான் என்பது அன்று முதல் மருத்துவருக்குத் தெரிந்தது. இன்றும், காரணம் புரியாத காய்ச்சலோடு படுத்திருப்பவரின் கண்ணில் மருந்திட்டு மணியை விரித்துப் பார்க்கும்போது, அந்த வெளிறிய முடிச்சுகள் தென்பட்டு, உடம்பெங்கும் பரவிய காசநோய் கண்டுபிடிக்கப்படுவது உண்டு. சளிச் சோதனையில் அகப்படாதது கண்ணில் அகப்பட்டுவிடுகிறது.

மூன்றாவது வகை இளைஞர்களுக்கு உரியது. 1880-இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகர மருத்துவர் ஹென்றி ஈல்ஸ், நல்ல தேகநிலையுள்ள வாலிபர்கள் சிலருக்குக் கண்ணின் உள்ளே திரும்பத் திரும்ப இரத்தம் கசிவதைக் கண்டு எழுதினார். இந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. விழித்திரையின் சிறு இரத்தக் குழாய்கள் அழற்சியுற்று அடைபடுகின்றன. அடைபட்ட இடத்தைச் சுற்றி வலுவற்ற புதுக் குழாய்கள் முளைத்து, அவை உடைந்து இரத்தம் கசிகிறது. இந்தியாவில் இது அதிகமாகக் காணப்படுகிறது. காசநோய்க் கிருமியே கண்ணில் தங்கி இதைச் செய்கிறதா, வேறிடத்தில் இருக்கும் கிருமிக்கு எதிராக உடம்பு கொள்ளும் சீற்றம் கண்ணைத் தாக்குகிறதா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. நோய் காண்பவர் பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள் உள்ள ஆண்கள். தறியில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று கண்ணெதிரே பூச்சி பறப்பதுபோலவும், சிலந்தி நூல் தொங்குவதுபோலவும் தோன்றும். பாவில் இழை அறுந்து நிற்கிறதோ என்று கையால் தடவிப் பார்ப்பவரும் உண்டு. இரத்தம் மிகுந்தால் செந்திரை விழுந்ததுபோல் பார்வை அடியோடு மறையும். சில வாரங்களில் தானே தெளிந்தும் போகும். தெளிந்துவிட்டதென்று சும்மா இருப்பதுதான் பெரும் பிழை. அடுத்த முறை கசியும்போது விழித்திரையே விலகிவிடக்கூடும். காலத்தில் போனால் லேசர் ஒளியால் அந்த இடங்களைச் சுட்டுக் கசிவை நிறுத்த முடிகிறது.

குழந்தைகளுக்கு வருவது வேறு மாதிரி. கருவிழியின் ஓரத்தில் கடுகளவு வெளிறிய கொப்புளம் ஒன்று எழும். குழந்தை வெளிச்சத்தைப் பொறாது. தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெளியே பார்க்கவே மறுக்கும். கொப்புளத்துக்குள் கிருமி இருப்பதில்லை. உடம்பில் வேறெங்கோ இருக்கும் கிருமியின் சத்துக்கு எதிரான சீற்றமே இவ்வாறு வெளிப்படுகிறது. வேறு கிருமிகளாலும் இது வரும் என்றாலும், காசநோய் மிகுந்த இடங்களில் முதலில் காசநோயைத்தான் நினைக்க வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் அலாஸ்காவின் பூர்வகுடி மக்களிடையே காசநோய் கொடுமையாகப் பரவியிருந்தபோது, இந்தக் கொப்புளங்கள் கருவிழியில் தழும்பாகி எத்தனையோ பேருடைய பார்வையைக் குறைத்துவிட்டன. குழந்தையின் கண்ணில் இதைக் கண்டால் கண்ணுக்கு மருந்திடுவதோடு நில்லாமல், வீட்டில் நெடுநாள் இருமுபவர் யார் என்று பார்ப்பது அவசியம். பாட்டனாராகவோ, பாட்டியாராகவோ இருக்கலாம்.

காசநோய் உள்ள ஒருவருக்குத் தலைவலியும் வாந்தியும் காய்ச்சலும் இருந்து, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, கண் ஒருபுறம் சாய்ந்துகொண்டாலோ, அது மூளை உறையில் நோய் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். அங்கே மணிக்கணக்கு முக்கியம். கண் மருத்துவரைத் தேடிக்கொண்டிராமல் நேரே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கால்நடை வைத்திருக்கும் அங்கத்தினருக்கு ஒரு வார்த்தை. மாட்டுக்கு வரும் காசநோய்க் கிருமி காய்ச்சாத பாலின் வழியாக மனிதருக்கும் வரும். கறந்த சூட்டோடு பச்சைப் பால் குடிப்பது பலம் என்னும் எண்ணத்தைக் கைவிடலாம்.

கண்டுபிடிப்பதில் உள்ள சங்கடம்

நுரையீரல் நோய்க்குச் சளியைச் சோதிக்கலாம். கண்ணிலிருந்து எதை எடுத்துச் சோதிப்பது? உள்ளே இருக்கும் கிருமிகளும் மிகக் குறைவு. கண்ணின் உள்நீரில் ஒரு சொட்டு எடுத்துக் கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் சோதனை உண்டு. அது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. கிருமி இருந்தும் இல்லையென்று சொல்லிவிடுவதும் உண்டு. தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டோ சோதனை நம் நாட்டில் நோயில்லாத பெரியவர்களில் பலருக்கும் தடிப்புக் காட்டும். ஏனெனில் கிருமி அவர்கள் உடம்பில் என்றோ நுழைந்து உறங்கிக்கொண்டிருக்கிறது. நெஞ்சுப் படத்தில் ஒரு குறையும் இல்லாதவருக்குக் கண்ணில் மட்டும் நோய் இருப்பதும் சாதாரணம். ஆகவே கண்ணின் தோற்றம், படம், தோல் அல்லது இரத்தச் சோதனை, வீட்டார் வரலாறு ஆகிய அனைத்தையும் கூட்டிப் பார்த்தே மருத்துவர் முடிவுக்கு வருகிறார். எப்போது மருந்து தொடங்கலாம் என்பதில் பல தேசத்துக் கண் மருத்துவர்கள் கூடிப் பேசி ஒரு பொது வழிமுறையை வகுத்ததே அண்மையில், 2020-ஆம் ஆண்டை ஒட்டித்தான். சண்டிகர் மருத்துவர்கள் அதில் முன்னின்றார்கள் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது.

இந்தச் சங்கடத்தில் நோயாளி செய்யக்கூடிய பேருதவி ஒன்று உண்டு. "எனக்கு ஆறு வருஷத்துக்கு முன் காசநோய் இருந்தது" என்றோ, "என் மாமனார் காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறார்" என்றோ கண் மருத்துவரிடம் சொல்வதுதான் அது. நம்மவர் இதைச் சொல்வதில்லை. பெண்ணுக்கு வரன் தடைப்படும் என்று அஞ்சி மறைக்கிறார்கள். கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணி விடுபவர்களும் இருக்கிறார்கள். கேளாததற்கு மருத்துவரையும் சிறிது குறை சொல்லலாம். வரிசையில் நூறு பேர் நிற்கும்போது அவரும் கேட்க மறந்துபோகிறார்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சிவந்த கண்ணுக்குக் கடைக்காரர் கொடுக்கும் சொட்டுகளில் பல ஸ்டீராய்டு கலந்தவை. இரண்டு நாளில் சிவப்பு மறையும்; கெட்டிக்கார மருந்து என்று பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசு செய்வோம். அந்த மருந்து அழற்சியை அடக்குமே தவிர, கிருமியைக் கொல்லாது; தடுத்துக்கொண்டிருந்த உடம்பின் கையைக் கட்டிவிடுவதால் கிருமிக்கு உதவியாகவும் முடியும். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறி வேறு வகையில் பார்வை கெடும். கண் மருத்துவரும் ஸ்டீராய்டு கொடுப்பார்; ஆனால் காசநோய் மருந்தின் காவலோடு, அளவறிந்து கொடுப்பார்.

மருந்தாலும் கண்ணுக்கு வரும் தொல்லை

இனி நம் நெசவாளரின் கதைக்கு வருகிறோம். அவர் கண்ணில் கிருமி இல்லை. அவருடைய நெஞ்சுநோய் நன்றாகக் குணமாகிக்கொண்டிருந்தது. கண்ணைத் தொட்டது மருந்துகளுள் ஒன்று.

சாதாரணக் காசநோய்க்கு நம் அரசின் திட்டப்படி தரப்படும் மருந்துகள் நான்கு: ஐசோனியசிட், ரிபாம்பிசின், பைரசினமைடு, எத்தம்பூட்டால். முதல் இரண்டு மாதம் நான்கும், பின் நான்கு மாதம் பைரசினமைடு நீங்கலாக மூன்றும் தினந்தோறும் உட்கொள்ள வேண்டும். எடைக்குத் தக்கபடி இத்தனை மாத்திரை என்று கணக்கு. எல்லாம் ஒரே மாத்திரைக்குள் அடங்கியிருப்பதால், தாம் உட்கொள்வது எது எது என்று நோயாளிக்குத் தெரிய வழியில்லை.

ரிபாம்பிசினால் சிறுநீர், வியர்வை, கண்ணீர் கூடச் செம்மஞ்சளாகும். இரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு. அதில் ஆபத்தில்லை. கவனிக்க வேண்டியது எத்தம்பூட்டால். 1961-இல் அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்ட இம்மருந்து, சிலருக்குப் பார்வை நரம்பைப் பழுதாக்குகிறது என்பது அடுத்த ஆண்டே தெரியவந்தது. அளவைப் பொறுத்தது அது. உடலெடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற அளவில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. 25 மில்லிகிராமில் ஐந்தாறு பேர். 35-க்கு மேற்போனால் பதினெட்டுப் பேர் வரை என்று மருத்துவ நூல்கள் கணக்குக் கூறுகின்றன. மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது உடம்பிலேயே தங்கி அபாயம் அதிகமாகும். முதியோரும் நீரிழிவு உள்ளவர்களும் இது விஷயத்தில் கூடுதலாக எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

இது பெரும்பாலும் மருந்து தொடங்கி இரண்டு மாதத்துக்குப் பின் தலைகாட்டுகிறது. வலியில்லை, சிவப்பில்லை. இரு கண்ணிலும் நடுப்பார்வை மெல்ல மங்கும். அதற்கு முன்னதாகவே பலருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள பேதம் மறையத் தொடங்கும். அரக்கும் கரும்பச்சையும், காவியும் பாசியும் ஒன்றுபோலாகும். குமாஸ்தாவாக இருப்பவர் இதை மாதக்கணக்கில் அறியாமல் இருக்கலாம். மிளகாய்ப் பழத்தையும் காயையும் பிரிப்பவரும், தார்க் கூடையில் கைவிடுபவரும் முதல் வாரத்திலேயே அறிந்துவிட முடியும். ஆனால் அறிந்ததை நோயென்று எண்ண வேண்டுமே! நாம் அதைக் கவனக் குறைவு என்று எழுதினோம். கண்ணாடிக் கடைக்காரர் வெள்ளெழுத்து என்றார்.

இதைப் படித்துவிட்டு எவரும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. காசநோய் உயிரைக் கொல்லும் நோய். 2023-இல் உலகில் பன்னிரண்டரை லட்சம் பேர் அதனால் மாண்டார்கள். பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும். அதற்குக் கொடுக்கும் லைனசோலிட் என்னும் மருந்தும் பார்வை நரம்பைத் தாக்கவல்லது. செய்ய வேண்டியது யாதெனில், நிறம் குழம்பினாலோ எழுத்து மங்கினாலோ மறுமாதச் சோதனை வரை காத்திராமல், அன்றே மருத்துவரிடம் சென்று சொல்வதுதான். எத்தம்பூட்டாலை மட்டும் விலக்கி வேறு மருந்து சேர்த்து, சிகிச்சையை முறியாமல் நடத்த அவருக்கு வழி தெரியும். உடனே விலக்கினால் வாரங்களிலோ மாதங்களிலோ பார்வை பெரும்பாலோருக்குத் தேறுகிறது. நாட்பட்டால் சிலருக்குத் தேறுவதில்லை.

வீட்டிலேயே பார்த்துக்கொள்வதும் கஷ்டமில்லை. வாரம் ஒருநாள், பகல் வெளிச்சத்தில், ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் செய்தித்தாளின் சிற்றெழுத்தைப் படிக்க வேண்டும். பிறகு ஒரு சிவப்புக் கண்டையும் ஒரு பச்சைக் கண்டையும் பார்க்க வேண்டும். அடுத்து மற்றக் கண். மாத்திரை தொடங்கும் நாளிலேயே ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டிப் பார்வையை எழுதி வைத்துக்கொண்டால், பிற்பாடு ஒப்பிட உதவும். மருந்து சாப்பிடும் சிறு குழந்தைகள் தமக்குக் குறை என்று சொல்ல அறியார்கள்; விளையாட்டுச் சாமானை எடுக்கத் தடுமாறுகிறார்களா என்று தாய் தந்தையர் கவனிக்க வேண்டும்.

இந்தக் கவனிப்பு ஏன் நம் தலையில் விழுந்தது என்று ஒருவர் கேட்கலாம். முன்காலத்தில் காசநோயாளி தாம்பரம் போன்ற இடங்களில் சானடோரியத்தில் ஓராண்டு, ஈராண்டு படுத்திருந்தார். நாள்தோறும் மருத்துவர் பார்த்தார். 1956-இல் சென்னையில் நிறுவப்பட்டுப் பின் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்த மருத்துவ மையம், ஏழைக் குடும்பத்து நோயாளிகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியாரைச் சானடோரியத்திலும் மற்றவரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் அவ்வளவே நன்றாகக் குணமானார்கள், அவர்களால் வீட்டாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவுமில்லை என்று 1959-இல் வெளியான முடிவு, உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தது. அது பெரும் நன்மை. தறியை விட்டுப் பிரியாமல் நோய் தீர்கிறது. அத்துடன் மருத்துவரின் தினசரிக் கண் நம்மை விட்டு அகன்றது. அந்த இடத்தில் நோயாளியும், அவர் மனைவியும், சங்கத்தாரும் இருக்கிறோம்.

மருத்துவமனைக்குப் போகும் நாளில் கூலி போகிறதே என்று தயங்குவோர் உண்டு. சிகிச்சைக் காலத்தில் உணவுக்காக 2018 முதல் அரசு வங்கிக் கணக்கில் செலுத்திவந்த மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பதிவு செய்துகொண்டும் பணம் வராதவர்கள் தம் வங்கிப் புத்தகத்தோடு காசநோய்ப் பிரிவில் கேட்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்க அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறோம்.

நம் அங்கத்தினரின் பிடித்தம் அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில் திருப்பிக் கொடுக்கப்பட்டது. "கவனக் குறைவு" என்ற சொல்லை அடித்துவிட்டுச் செயலாளர் கையொப்பமிட்டார். அந்தச் சேலை இன்னும் விற்பனையாகாமல் பீரோவில் இருக்கிறது. அவருக்கு எத்தம்பூட்டால் நிறுத்தப்பட்டு ஏழு மாதத்தில் சிற்றெழுத்துப் படிக்கும் அளவுக்குப் பார்வை திரும்பியது, காசநோயும் தீர்ந்தது. இப்போது பழையபடி மாதம் தவறாமல் சேலை கொண்டுவருகிறார். அரக்கு மட்டும் இன்னும் சற்று வெளிறித் தெரிவதாகச் சொல்கிறார். தார்க் கூடையிலுள்ள பச்சைத் தார்களுக்கெல்லாம் அவர் மகள் வெள்ளை நூலால் ஒரு முடிச்சுப் போட்டு வைக்கிறாள்.